இரண்டரைப் படகுக்கு ஒரு நகல்

நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து பிற்பகல் இரண்டரைக்குப் புறப்படும் படகில், ஐந்து ஆண்டுகளாக ஒரு அலுமினியச் சாப்பாட்டுப் பெட்டி போய்க்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு நாளும் சோறு இருந்ததில்லை. பழைய துவாய்த் துண்டில் சுற்றிய ஒரு ஹாட் டிஸ்க் இருக்கும். படகில் வேலை செய்யும் பஸ்ரியாம்பிள்ளை, கடல்நீர் தெறிக்காத மூலையாகப் பார்த்து அதை வைப்பார். அக்கரையில் குறிகட்டுவானில் இறங்கியதும் அது இறுப்பிட்டியில் ஒரு வீட்டு அலுமாரிக்குப் போய்விடும். அதற்கு முந்திய நாள் போன மற்ற டிஸ்க் மறுநாள் காலைப் படகில் திரும்பி வரும்.

“தங்கச்சி, உதுக்கை என்ன கிடக்கு?” என்று, பெட்டியை முதன்முதலாகக் கொண்டுவந்து கொடுத்த ஞானசவுந்தரியிடம் பஸ்ரியாம்பிள்ளை கேட்டார்.

“ஊர் கிடக்கு அண்ணை.”

“முழு ஊருமோ?”

“ஓம். தண்ணி படாமக் கொண்டு போங்கோ.”

“அப்ப உங்கடை தலைவர் ஜெகதீஸ் மாஸ்ரரும் உதுக்கைதானே? ரெண்டு தரம் கடலுக்கை தாட்டு எடுத்துக்கொண்டு போறன்.”

அந்தப் பகிடிக்கு ஞானசவுந்தரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டியின் மூடியை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தாள்.

அவள் நெடுந்தீவில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். பதினைந்து வயதில் போரினால் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்தில் படித்து, கணிதத்தில் பட்டம் எடுத்து, முப்பத்தைந்து வயதில் தனியே திரும்பி வந்தாள். “பட்டதாரிக்கு இஞ்சை என்ன வேலை இருக்கு?” என்று கேட்டவர்களுக்கு, “வேலைக்கு வரேல்லை, வீட்டுக்கு வந்தனான்” என்று பதில் சொன்னாள். பிறகு வேலையும் கிடைத்தது. ஊரவர் சபையொன்று நடத்தும் சின்ன ஆவணக்கூடம். ஒரு அறை, ஒரு ஸ்கானர், பழைய கணினி ஒன்று. ஊரைவிட்டு ஓடியபோது தகரப்பெட்டிகளில் தப்பிப் போன பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் கல்யாணப் படங்களையும் கடிதங்களையும் சனங்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை ஸ்கான் செய்து, பெயர் பதிந்து, காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வயதானவர்களின் பேச்சை வீடியோவாகவும் எடுத்தார்கள். ஒரு காகிதமும் தப்பாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் வந்து ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர் வேறொருவரின் உறுதியில் சாட்சியாகவோ, வேறொருவரின் கல்யாணப் படத்தின் ஓரத்திலோ இருக்கும்.

நாற்பதாயிரம் படங்கள் அந்தக் கணினிக்குள் இருந்தன. அவற்றில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. கமராவைத் தூக்கினால் அவள் அதற்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள்.

ஆரம்பத்தில் அந்தப் படங்களின் நகலெடுப்பு அந்த அறைக்குள்ளேயே இருந்தது. கணினியோடு செருகிய இன்னொரு டிஸ்க்கில், நாளுக்கு ஒருமுறை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஓகஸ்ட் மாதம், வெளிநாட்டுக்காரர் வந்து குவிந்த நேரத்தில், கணினி இழுபட்டது. சபைத் தலைவர் ஜெகதீஸ் மாஸ்ரர், ஓய்வுபெற்ற அதிபர், கூட்டம் குறையுமட்டும் மூன்று நாளைக்கு நகலை நிறுத்தச் சொன்னார். “சரி மாஸ்ரர், பரவாயில்லை” என்றாள் ஞானசவுந்தரி.

இரண்டாம் நாள் சூசையம்மா வந்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அவளுடைய புருஷனின் படம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவருக்கு இருந்தது அந்த ஒரு படம்தான். பல வருட ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. கண்ணாடியோடு வைத்தே ஸ்கான் செய்தார்கள். முகம் வடிவாக வந்தது. பிறகு சட்டத்தை மாற்றித் தருகிறோம் என்று படத்தைக் கண்ணாடியிலிருந்து உரித்தபோது, முகம் முழுவதும் செதில் செதிலாகக் கழன்று மேசையில் விழுந்தது. சூசையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பயப்பிடாதேங்கோ அம்மா, படம் கணினிக்கை இருக்கு. இதைவிடப் பெரிசா அடிச்சுத் தாறன்” என்றாள் ஞானசவுந்தரி.

மூன்றாம் நாள் கணினியின் டிஸ்க் செத்தது. முன்னைய நகலில் மற்றெல்லாம் இருந்தது. அந்த மூன்று நாளும் இல்லை.

அதைச் சொல்லச் சூசையம்மாவின் வீட்டுக்கு ஞானசவுந்தரிதான் நடந்து போனாள். வேறு எவரும் கூடப் போகவில்லை. அந்த மனுசி ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று ஞானசவுந்தரி பின்பு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

“எனக்கு அவற்றை முகம் மறக்காது பிள்ளை” என்றாள் சூசையம்மா. “பேரப்பிள்ளையளுக்குத்தான் தெரியாமப் போச்சு.”

அன்றிலிருந்து ஞானசவுந்தரி ‘பரவாயில்லை’ என்ற சொல்லை விட்டுவிட்டாள். நகல் ஒவ்வொரு வேலை நாளும் எடுக்கப்பட வேண்டும். அன்றே கடல் தாண்டிப் போகவும் வேண்டும். அதோடு, போன நகல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று, பழைய கோப்புகளில் ஒரு பங்கை ஒவ்வொரு நாளும் திரும்ப வாசித்து ஒப்பிட வேண்டும். காலை பத்தரைக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு முடியும். இரவில் செய்ய வழியில்லை. ஒருமுறை மின்னழுத்தம் கூடி ஸ்கானர் எரிந்த பிறகு, ஐந்து மணிக்கு மெயின் சுவிச்சை அணைத்துவிட்டே பூட்ட வேண்டும் என்பது சபையின் தீர்மானம். ஆகவே சனங்கள் வந்து பெயர் தேடும் அதே நேரத்தில், அதே கணினி, பின்னாலே நகலும் எடுத்துக்கொண்டிருந்தது.

நாற்பதாயிரம் எழுபதாயிரமானது. கணினி மட்டும் அதே கணினி.

போன வருடம் யூலையில் கனடாவிலிருந்து ஒருவர் வந்தார். தன் தகப்பனின் பெயர் உள்ள எதையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நாள் பயணமாகத் தீவுக்கு வந்தவர். பன்னிரண்டு மணிக்குக் கதிரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தேடலுக்கும் திரை ஒரு நிமிடம் உறைந்து நின்றது. ஒரே பெயரில் பலர். ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இரண்டேகாலுக்குப் படகுக்காக எழும்பினார்.

“உங்கடை மெசின் என்ரை அப்பாவைத் தேடி முடிக்கிறதுக்கிடையிலை, நான் மண்வெட்டி எடுத்துக்கொண்டு சேமக்காலைக் கல்லறையளுக்கை தேடியிருப்பன்” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அந்தப் பின்னேரமே ஜெகதீஸ் மாஸ்ரர் வந்துவிட்டார்.

“ஞானம், இனி நகல் ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும்தான். சபை தீர்மானிச்சிட்டுது.”

“சபை எப்ப கூடினது மாஸ்ரர்?”

“நான் எல்லாரோடையும் போனிலை கதைச்சனான்.”

“என்னோடை ஆரும் கதைக்கேல்லை.”

“நீர் சபையில்லையே.”

“அண்டைக்குச் சூசையம்மா வீட்டை போனது நான். சபை வரேல்லை.”

மாஸ்ரர் கணினியைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு, “மெசின் கிழடு. யாழ்ப்பாணத்துக் கடைக்காரரும் அதைத்தான் சொல்றார். புதுசு வாற வருசந்தான் வரும். அதுமட்டும் வேறை வழியில்லை” என்றார்.

“நான் இருக்கிறவரைக்கும் நகல் ஒரு நாளும் நிக்காது.”

“அப்ப நீர் இல்லாமத்தான் நடத்த வேண்டி வரும்.”

அவள் மேசை லாச்சியைத் திறந்து, கூடத்துப் பூட்டின் திறப்பை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள். “இந்தாங்கோ. ஆனா எடுக்க முதல் ஒண்டைக் கேளுங்கோ. வாற வெள்ளிக்கிழமை மத்தியானம், நகல் ஓடிக்கொண்டிருக்கேக்கை, நீங்களே வந்து தேடிப் பாருங்கோ. பிந்தினா நானே வீட்டை போறன்.”

மாஸ்ரர் திறப்பைப் பார்த்தார். எடுக்கவில்லை. “வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கூடத்தில் அவளோடு வேலை செய்த றஞ்சனி, ஸ்கானருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “அக்கா, உங்களுக்கு அதைச் சரிப்படுத்தத் தெரியுமோ?”

“தெரியாது.”

“ஐயோ!”

“வெள்ளிக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு.”

செவ்வாய்க்கிழமை காலை, நகல் தொடங்க முதல், ‘கதிர்காமு’ என்று தேடினாள். தொண்ணூறு பதிவுகள் ஒரு விநாடியில் வந்தன. நகல் தொடங்கி ஒரு மணித்தியாலத்தின் பின் அதையே தேடினாள். ஐம்பது விநாடி. நகல் முடிந்தபின் மூன்றாம் முறை தேடினாள். அப்போதும் ஐம்பது விநாடிதான். நாலாம் முறை ஒரே விநாடியில் வந்தது. கிழடு தட்டிய கணினி நாலாம் முறை மட்டும் எப்படி இளந்தாரியாகும் என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். அப்படியென்றால் அது தளரவில்லை. எதையோ கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருந்தது. நகல் வந்து அதைத் தள்ளிவிட்டது. நாலாம் முறைக்குள் அது திரும்ப எடுத்து வைத்துக்கொண்டது.

இணையத்தில் தேடி வாசித்ததில் விஷயம் பிடிபட்டது. லினக்ஸ் என்ற இயங்குதளம், வாசிக்கும் ஒவ்வொரு கோப்பையும், திரும்பக் கேட்டால் உடனே கொடுக்கலாம் என்று, தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் நகலெடுக்கும் நிரல் ஒரு நாளில் பல்லாயிரம் கோப்புகளை ஒரேயொரு தடவை தொட்டுவிட்டுப் போகிறது. இனி எவரும் கேட்காத அவ்வளவும் நினைவகத்தில் வந்து குந்திவிடுகின்றன. சனங்கள் நிமிடத்துக்கு நிமிடம் கேட்கும் பெயர்ப் பட்டியல் வெளியே போய்விடுகிறது.

“விளங்கேல்லை அக்கா” என்றாள் றஞ்சனி.

“இந்த மேசையைப் பார். பெயர்ப் பட்டியல் கொப்பி எப்பவும் இதிலை கிடக்க வேணும். நீ அலுமாரியிலை இருக்கிற எல்லாப் பைலையும் ஒவ்வொண்டா எடுத்துப் பாத்துப்போட்டு, திருப்பி வைக்காம மேசையிலையே அடுக்கினா?”

“கொப்பிக்கு இடமிராது.”

“அதுதான் நடக்குது.”

“அப்ப மேசையைத் துடைச்சுவிட்டாச் சரிதானே?”

சரிதான் என்று ஞானசவுந்தரிக்கும் பட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தற்காலிக நினைவகம் முழுவதையும் காலி செய்யும்படி கட்டளை எழுதிவிட்டாள். புதன்கிழமை அது ஓடியது. பெயர் தேட வந்த இரண்டு பேர் வரிசையிலேயே கோபித்துக்கொண்டு போனார்கள். முன்பு நகல் நேரத்தில் மட்டும் பிந்திய தேடல், இப்போது காலையிலும் பிந்தியது.

“அக்கா, பந்தியிலை எச்சில் இலையை எடுங்கோ எண்டா, சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளின்ரை இலையையும் சேர்த்தல்லோ எடுத்துப்போட்டியள்” என்றாள் றஞ்சனி.

ஞானசவுந்தரி சிரிக்கவில்லை. அந்தக் கட்டளையை அழித்தாள். பட்டியலும் சேர்ந்து போகிறது. எல்லாவற்றையும் காலி செய்வதில் பயனில்லை. நகலுக்குரியதை மட்டும், அதன் வேலை முடிந்த அந்தக் கணமே எடுக்க வேண்டும்.

அதற்கும் வழி இருந்தது. ஒரு கோப்பின் துண்டை வாசித்து முடித்ததும், ‘இது எனக்கு இனித் தேவையில்லை’ என்று நிரல் இயங்குதளத்துக்குச் சொல்லலாம். நகலெடுக்கும் நிரலைத் துண்டு துண்டாக வாசிக்கும்படி மாற்றி எழுதினாள். வியாழக்கிழமை காலை அதை ஓடவிட்டாள். ஐம்பது விநாடி இருபதாகக் குறைந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

அன்று அவளுக்கு யாழ்ப்பாணத்தில் வைத்தியப் பரிசோதனை இருந்தது. சில மாதங்களாக விலாவில் ஒரு வலி. காலைப் படகு போன சத்தம் கேட்டபோது அவள் திரைக்கு முன்னால் இருந்தாள். றஞ்சனி கேட்டதற்கு, “வாற கிழமை போகலாம்” என்றாள். தள்ளிப்போன அந்த ஒரு வாரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று பின்பு வைத்தியர் சொன்னார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும்.

பின்னேரம் மூன்று மணிக்கு அவள் அதைக் கண்டுபிடித்தாள். வாசித்த துண்டுகளை நினைவகம் விட்டுவிடுகிறது. வெளி டிஸ்க்கில் எழுதக் கொடுத்த துண்டுகளை விடவில்லை. ‘தேவையில்லை’ என்று எத்தனைமுறை சொன்னாலும் அவை அங்கேயே இருந்தன. ஏனென்றால் அவை இன்னும் எழுதப்படவில்லை. நிரல் ‘எழுதியாயிற்று’ என்று நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. உண்மையில் எழுத்து நினைவகத்தில் காத்துக்கொண்டு நிற்கிறது. டிஸ்க்கில் போய்ச் சேராத ஒன்றை இயங்குதளம் விடாது. விட்டால் அது ஒரேயடியாகப் போய்விடும்.

“அது விடாமப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது பிழையில்லை றஞ்சனி” என்றாள். “நான் இருந்தாலும் விடமாட்டன். எழுதி முடிக்காமல் விடச் சொன்னது என்ரை பிழை.”

முறையை மாற்றினாள். ஒவ்வொரு துண்டையும் எழுது. டிஸ்க்கில் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று காத்திரு. சேர்ந்த பிறகு மட்டும், தேவையில்லை என்று சொல். அதற்கு மேலே ஒரு வேலியும் போட்டாள். நகல் வேலை முழுவதும் சேர்ந்து நினைவகத்தில் இருநூறு மெகாபைற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. அதைத் தாண்டினால் அது தன் பழையதைத்தான் தள்ள வேண்டும், சனத்தின் பட்டியலில் கை வைக்க ஏலாது. ஐந்து மணிக்கு மெயின் சுவிச்சை அணைக்கும்போது இவ்வளவும் எழுதி முடிந்திருந்தது. ஓடவிட்டுப் பார்க்க நேரமில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஜெகதீஸ் மாஸ்ரர் வெள்ளைச் சேட்டோடு வந்தார். அன்றும் வெளிநாட்டிலிருந்து வந்த நாலைந்து பேர் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே கதிரையை இழுத்துப் போட்டு, தன் தகப்பனின் பெயரை அடித்தார். கையை எடுக்க முதல் பட்டியல் வந்துவிட்டது.

மாஸ்ரர் திரும்பிப் பார்த்தார். “நகலை நிப்பாட்டிப்போட்டீரோ?”

“கையை வைச்சுப் பாருங்கோ.”

துவாய்த் துண்டின் மேலே வெளி டிஸ்க் கிடந்தது. சின்னப் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. உள்ளே ஏதோ ஓடுவது கைக்குத் தெரிந்தது. கையை எடுக்காமலே மற்றக் கையால் இன்னொரு பெயரை அடித்தார். பிறகு இன்னொன்று. பிறகு, தன் மனைவியின் கன்னிப்பெயர். ஒவ்வொன்றும் ஒரு விநாடி. கடைசித் தேடலில் வந்த ஒரு பாடசாலைப் படத்தை அவர் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்ரர், கதிரையை விடுங்கோவன், நாங்களும் இரண்டரைப் போட்டுக்குப் போக வேணும்” என்று வாங்கிலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

அவர் எழும்பினார். வாசலடியில் நின்று, “புது மெசின் கட்டாயம் வேணுமெண்டு நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்” என்றார் மனக்குறையோடு.

“வரட்டும் மாஸ்ரர். அதிலையும் ஒவ்வொரு நாளும் நகல் எடுப்பன்.”

எழுதிச் சேரும்வரை காத்திருப்பதால் நகலுக்கு இப்போது இருபது நிமிடம் கூடுதலாக எடுத்தது. இரண்டு இருபதுக்குத்தான் முடிந்தது. ஞானசவுந்தரி பெட்டியைச் சைக்கிள் கூடையில் போட்டு, விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு துறைக்கு மிதித்தாள். படகின் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ரியாம்பிள்ளை நின்றார்.

“உமக்காகக் கடலைக் காத்துக்கொண்டிருக்கச் சொல்லேலுமோ தங்கச்சி?”

“அதுக்குத்தானே உங்களைப் பிடிச்சு வைச்சிருக்கிறன்.”

அடுத்த திங்களிலிருந்து பத்து மணிக்கே தொடங்கினாள்.

அதன்பின் அவளுக்கு இருந்தது எட்டு மாதம். விலாவில் இருந்த நோய்க்குச் சிகிச்சைக்குப் போகும் நாட்களில் நகலை றஞ்சனி பார்த்தாள். போகாத நாட்களில் யாரையும் தொட விடவில்லை. “வீட்டிலை படுத்தால் என்ன?” என்று மாஸ்ரர் கேட்டபோது, “நீங்கள் படுங்கோ” என்றாள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் சாப்பாட்டுப் பெட்டியைப் பஸ்ரியாம்பிள்ளையிடம் கொடுக்காமல், குறிகட்டுவான் வரை தன் மடியிலேயே வைத்திருந்தாள். கூடத்தின் திறப்பு மாஸ்ரரிடம் இருந்தது.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, காலைப் படகில் அவளைக் கொண்டு வந்தார்கள். அடக்கம் பின்னேரம் நாலு மணிக்கு. படமில்லாத வீடு. மரண அறிவித்தலுக்கென்று, அவளுடைய அடையாள அட்டையில் இருந்த அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் யாழ்ப்பாணத்தில் பெரிதாக அடித்திருந்தார்கள்.

பத்து மணிக்கு றஞ்சனி மாஸ்ரர் வீட்டு வாசலில் நின்றாள்.

“இண்டைக்குக் கூடம் பூட்டு பிள்ளை. துக்க நாள். அறிவிச்சாச்சு” என்றார் மாஸ்ரர்.

“சனத்துக்குத் திறக்க வேண்டாம். நகலுக்குத் திறப்பம்.”

“ஒரு நாள்தானே. பரவாயில்லை.”

றஞ்சனி தலையில் போட்டிருந்த சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “மாஸ்ரர், திறப்பைத் தாறியளோ, நான் பூட்டை உடைக்கட்டோ?”

அவர் உள்ளே போனார். திறப்போடு வந்தவர், செருப்பையும் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

அன்று புதிதாகச் சேர்ந்தது ஒரேயொரு படம்தான். அடையாள அட்டையை ஸ்கானரில் வைத்தது றஞ்சனி. பெயர் பதிந்தது மாஸ்ரர். நகல் ஓடத் தொடங்கியது. செத்த வீட்டு மேளம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. சூசையம்மா ஒருமுறை வந்து யன்னலால் எட்டிப் பார்த்து, “ஓடுதோ?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு மணியாகியும் பச்சை விளக்கு நிற்கவில்லை. “இவ்வளவு காணும் பிள்ளை, கழட்டும், போட் போகப்போகுது” என்றார் மாஸ்ரர்.

“இன்னும் எழுதி முடியேல்லை” என்றாள் றஞ்சனி. டிஸ்க்கின் மேலே கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

எழுதி முடிந்தது. விளக்கு நின்றது. டிஸ்க்கைத் துவாய்த் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, மாஸ்ரர் தன் சைக்கிளில் கொண்டு போனார். பஸ்ரியாம்பிள்ளை அதை வாங்கும்போது, உள்ளே என்ன என்று கேட்கவில்லை. இரண்டரைக்குப் படகு புறப்பட்டது.